ஹாலுக்கு நான் வைத்த பச்சை

பெருமாநல்லூருக்கு இந்தப் பக்கம் எங்கள் மகன் கட்டிய வீட்டில் பூச்சு வேலை முடிந்து, இனி நிறமும் சாமானும்தான் பாக்கி என்று வந்தபோது, ஹாலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். மருமகள் சமையலறையை எடுத்துக்கொண்டாள். மகன் மேல் மாடி அறையை எடுத்துக்கொண்டான். ஹாலுக்கு என்னைத் தவிர யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் வந்தார்கள்.

எனக்கு அந்த ஹால் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அதுவரை முப்பது வருசத்துக்கு மேலே லைன் வீட்டில் இருந்தோம். எட்டு வீடு ஒரே வரிசை. பொங்கலுக்கு முன்னால் வீட்டுச் சொந்தக்காரர் ஒரே டிரம்மில் நீலத்தைக் கலக்கி எட்டு வீட்டுக்கும் அடிக்கச் சொல்லிவிடுவார். நான் வேலை விட்டு வரும்போது சுவர் ஈரமாக இருக்கும். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கு நிறம் தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் மேசையில் விரித்து, பழுது இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவதுதான் வேலை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இங்கிலீசில் எஸ், எம், எல், எக்ஸ்எல் நான்கும் தெரியும். ஆனால் நிறத்தில் என்னை ஏமாற்றியவர் யாரும் இல்லை.

மகன் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். வீட்டுக்குள் எது எங்கே, எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்று படம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே தையல் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். வளர்ந்ததெல்லாம் திருப்பூர்தான் என்றாள், ஆனால் பேச்சு அவள் அம்மாவிடமிருந்து வந்த பேச்சு. ஹாலில் கிடந்த சிமெண்டு மூட்டை மேல் ஒரு தாளை விரித்து உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"அம்மா, ஒங்க ஸ்டைல் என்னன்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கன பண்ணிக்கிடலாம்."

எனக்குத் தெரிந்த ஸ்டைல் ஒன்றுதான். கம்பெனியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஸ்டைல் உண்டு, அதற்கு ஒரு நம்பர் உண்டு.

"இப்ப நான் வேலைக்குப் போறதில்லீங்க கண்ணு. கடைசியா ஓடுனது ரவுண்டு நெக்கு, அரைக்கை, ரெண்டு பக்கமும் சைடு ஓப்பன்" என்றேன்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. அவர் கட்டிங் மாஸ்டராக இருந்தவர்.

"ஏம்புள்ள, ஊட்டுக்கு அரைக்கை வெக்கறதா முழுக்கை வெக்கறதானு கேக்குது அந்தப் புள்ள!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்தது. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு வீடு முழுக்க வெள்ளை, மனுசர் இருக்கிற அடையாளமே இல்லை. ஒன்றில் மரத்தூணும் பித்தளையும். ஒன்றில் பிரம்பு நாற்காலியும் செடியும். இன்னொன்றில் பூசாத செங்கல் சுவரும் கறுப்பு இரும்பும். பூசாமல் விடுவதற்கும் ஒரு ஸ்டைல் இருக்கிறதென்றால் எங்கள் மேஸ்திரி பெரிய ஸ்டைல்காரர்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பேர் சொன்னாள். பேர்கள் என் காதில் தங்கவில்லை, படங்கள் தங்கின.

வீட்டுக்காரர் மரத்தூணிலேயே நின்றுவிட்டார். அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தூணும் ஊஞ்சலும் பார்த்து வந்ததிலிருந்து அவருக்கு அந்த நினைப்புத்தான். மகனுக்குச் சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டும், கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டு அதற்குள் விளக்கை ஒளித்துவைக்க வேண்டும்.

"ஃபால் சீலிங் இல்லாம இப்ப யாருமே ஊடு கட்றதில்லீங்ப்பா."

"பாலே இன்னும் காய்ச்சுல, அதுக்குள்ள பால் சீலிங்கா?" என்றார் அவர்.

அப்பனும் மகனும் மாறி மாறிப் பேசப் பேச அந்தப் பெண் சமாதானமாகச் சொன்னாள்.

"எதுக்குச் சண்டை? எல்லாத்தையும் மிக்ஸ் பண்ணிரலாம். இப்ப எல்லாரும் மிக்ஸ்தான் கேக்காவ."

அந்த வார்த்தை எனக்கு ஆகாது.

கம்பெனிகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அங்கே மிக்ஸ் என்றால் குற்றம். ஒரு பண்டலில் இரண்டு ஸ்டைல் கலந்துவிட்டால், ஒரு பெட்டியில் இரண்டு சாய லாட், அதாவது வேறு வேறு தடவை சாயம் போட்ட துணி, கலந்துவிட்டால், 'மிக்ஸ் ஆயிருச்சு' என்று ஒரு குரல் வரும். அதன் பிறகு அன்றைக்கு யாரும் வீடு போக முடியாது. நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். இரண்டும் கருநீலம், இரண்டும் ரவுண்டு நெக்கு, ஒன்றில் கழுத்துப் பட்டி ஒரு நூல் அகலம் கூட. பார்க்காமல் ஒரே அடுக்கில் வைத்துவிட்டேன். ஒட்டிய பெட்டிகளை எல்லாம் பிரித்தார்கள். சூப்பர்வைசர் என்னைத் திட்டவில்லை. எல்லார் முன்னாலும் என் மேசைக்கு வந்து, கலந்துபோன பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் மேசையிலிருந்து மிக்ஸ் போனதில்லை.

"மிக்ஸெல்லாம் ஆகாதுங்க" என்றேன். "ஒரு ஹாலுன்னா ஒரு ஸ்டைலு, ஒரு கலரு. நான் பாத்துக்கறேன்."

மகன் ஒரு ஏற்றுமதி ஆபீசில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்குவது அவன் வேலை. அதே குரலில் என்னிடம் பேசினான்.

"செரிங்மா. ஆவணில பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி வந்து பாப்பேன். செரியா வரலீன்னா இவங்க படத்துல இருக்கறாப்பல சாம்பக் கலர் அடிச்சிருவாங்க. அப்பறம் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்."

"அடிச்சுக்க" என்றேன்.

மறுநாளிலிருந்து நான் தினம் வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு தாள் என்னிடம் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஹால் சுவரில் மேடு பள்ளம் தெரிந்த இடமெல்லாம் ஒட்டினேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு மகனுக்குப் போன் போட்டார். "உங்கம்மா செவுத்துக்கு அம்மை போட்டு வெச்சிருக்கறாங்க சார்." ஆனால் திரும்பவும் பட்டி பூசித் தேய்த்துக் கொடுத்தார்.

நிறம் எனக்கு முன்னமே தெரியும். மயில்கழுத்துப் பச்சை. நெசவு செய்கிற குடும்பம் எங்களது, முருகனைக் கும்பிடுகிறவர்கள். மயில் எங்களுக்கு வேற்றாள் இல்லை. பெயிண்டுக் கடையில் அட்டையை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பெயிண்ட் அடித்தவர் பீகார்க்காரர். முதல் கை அடித்துவிட்டு, "மாதாஜி, ஓகே?" என்றார். "ஓகே இல்லீங்க, இன்னொரு கை" என்றேன். மூன்று கை ஆனது. சுவர் அப்படியே மயிலின் கழுத்து மாதிரி வந்தது.

அதே பச்சையில் திரைச்சீலை, அதே பச்சையில் சோபா உறை, அதே பச்சையில் திண்டு. இதுதான் என் கணக்கு. கடையில் கிடைக்கிற பச்சை எனக்கு ஆகவில்லை. என்னோடு செக்கிங்கில் இருந்த ஒருத்தியின் தம்பி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பிளுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் துணிகளையும் பெயிண்டு அட்டையையும் கொண்டுபோனேன். திரைக்கு மெல்லிசான துணி, சோபாவுக்குத் தடித்த துணி, திண்டுக்குப் பனியன் துணி.

"அக்கா, இது மூணும் ஒரே மாதிரி சாயம் குடிக்காதுங்க."

"நீ குடிக்க வெச்சுக் குடு தம்பி."

அவரும் சளைக்காமல் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு துணியும் வந்த அன்று அட்டையோடு வைத்துப் பார்த்தேன். திரை பாஸ். அடுத்த வாரம் சோபாத் துணி பாஸ். அதற்கடுத்த வாரம் திண்டு பாஸ். எனக்குள்ளே ஒரு திமிர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. வீட்டுக்காரரிடம், "உங்க மகனைச் சாம்பக் கலரைக் கீழ ஊத்திட்டு வரச் சொல்லுங்க" என்றேன்.

எல்லாவற்றையும் மாட்டிப் போட்டு முடித்தது ஒரு சாயங்காலம். இருட்டப் போகிறது என்று கதவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். அடுத்த நாள் காலையில் நானும் அவரும் போய்க் கதவைத் திறந்தோம். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் ஹாலுக்குள் முழுசாக விழுந்திருந்தது.

அவர் குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார்.

"ஏம்புள்ள, இதென்ன மூணு பச்சை?"

மூன்று இல்லை, நான்கு. சுவர் நீலம் கலந்த பச்சையாக இருந்தது. திரை வெயிலைக் குடித்து மஞ்சள் தட்டியது. சோபா கறுத்துக் கிடந்தது. திண்டு பாசி. ஒவ்வொன்றையும் அட்டையோடுதான் பார்த்தேனே ஒழிய, ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்கவில்லை. செக்கிங்கில் ஒரு சமயத்துக்கு ஒரு பீஸ்தான் கையில் இருக்கும். அந்தப் பழக்கம் என்னைக் கவிழ்த்துவிட்டது. வேறு யாராவது செய்திருந்தால் அத்தனையிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

மகன் வருவதாகச் சொன்ன நாளுக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி உடு, சாம்பலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அந்த வார்த்தைதான் என்னை நிமிர வைத்தது. நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் முப்பது வருசம் அந்த நீலத்துக்குள் இருந்தோம்.

"போயி டீக் குடிச்சுட்டு வாங்க மாமா" என்று அவரை அனுப்பினேன்.

கோபத்தில் சோபா உறையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே சோபாவுக்கு வைத்துத் தைத்திருந்தது வெறும் காடாத் துணி. சாயம் காணாத, பழுப்பும் இல்லாத வெள்ளையும் இல்லாத துணி. உறையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுத் திரும்பினேன். சுவர் மறுபடியும் மயில்கழுத்தாக இருந்தது.

பிறகு திரையையும் கழற்றினேன். திண்டுகளையும் தூக்கி அதே மூலையில் போட்டேன். சுவரில் ஒரு குற்றமும் இல்லை. அதன் பக்கத்தில் அதே மாதிரி இருக்கிறேன் என்று வந்து நின்றவைதான் அதைக் கெடுத்திருந்தன.

அப்போதுதான் கழுத்துப் பட்டி நினைவுக்கு வந்தது. பனியனில் உடம்புத் துணி வேறு, கழுத்துக்குப் போடும் ரிப் துணி வேறு. இரண்டும் ஒரே நிறம் என்று ஆர்டர் வந்தால் எங்களுக்குத் தலைவலி. சாயத்தில் உடம்பு ஒரு பக்கம் இழுக்கும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், பாதி பீஸ் திரும்பும். பச்சை உடம்புக்கு வெள்ளைக் கழுத்து, நீல உடம்புக்குச் சிவப்புக் கழுத்து என்று வந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதை யாரும் மிக்ஸ் என்று சொன்னதில்லை. அத்தனை வருசம் கையில் பிடித்துப் பார்த்ததை ஹாலுக்குள் வரும்போது வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். வந்தாள். மூலையில் கிடந்த மூன்று பச்சையையும் பார்த்தாள்.

"அம்மிணி, கலக்கலாம்னு சொன்னயில்ல, கலக்கலாம். ஆனா எது வரோணும் எது வரக் கூடாதுன்னு நான் சொல்லுவேன்."

"நீங்க சொல்லுங்கம்மா. எனக்கும் ரெண்டு வார்த்தை விடுங்க."

"ரெண்டு விடறேன். மூணாவது விடமாட்டேன்."

அன்றைக்கே ஒரு சட்டம் வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒன்று இன்னொன்று போல இருந்தால் 'ஆட்ட' என்போம். தேக்காட்ட இருக்குது, பித்தளையாட்ட இருக்குது. அந்த ஆட்ட என்கிற வார்த்தை எதற்கு வருகிறதோ அது ஹாலுக்குள் வரக்கூடாது. பச்சையாட்ட இருந்ததில் பட்டது போதும்.

முதலில் அடிபட்டது வீட்டுக்காரரின் தூண். சிமெண்டில் எழுப்பி மரக்கலர் அடித்தால் தேக்காட்டவே இருக்கும் என்று ஆளைப் பிடித்து வைத்திருந்தார்.

"தேக்காட்ட வேண்டாங்க. தேக்கே இருந்தா வரட்டும்."

"தேக்குத் தூணுக்கு எங்க போறது?"

"அப்பத் தூணு வேண்டாம். ஊஞ்சலுக்குப் பலகை ஒண்ணு போதும், அது தேக்குல வாங்குங்க."

அவர் முனகினார். ஆனால் இரண்டு நாள் அலைந்து, பழைய வீடு இடித்த இடத்திலிருந்து ஒரு பலகை கொண்டுவந்தார். உண்மையான தேக்கு. கையால் தடவித் தடவிப் பார்த்து, "அந்த மண்டபத்துல கூட இப்பிடி இல்ல" என்றார். தூணை மறந்துவிட்டார்.

அந்தப் பெண் பித்தளை நிறம் பூசிய பிளாஸ்டிக் விளக்கு ஒன்று கொண்டுவந்தாள். திருப்பி அனுப்பினேன். பிரம்பு நாற்காலி இரண்டு கொண்டுவந்தாள். பிரம்பேதான், பச்சைச் சுவருக்கு முன்னால் வைக்கோல் மாதிரிப் பளிச்சென்று நின்றது. வைத்துக்கொண்டேன். சோபாவுக்குக் காடாவே போதும் என்றேன். "அழுக்குப் படும்மா" என்றாள். "தொவைச்சா போகும்" என்றேன். திரைக்கு அவள் ஒரு செங்கல் நிறத் துணி காட்டினாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பச்சைக்குச் செங்கலா? அவள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு வார்த்தை விடுவேன்னு சொன்னீய. நாற்காலி ஒண்ணு, இது ரெண்டு."

சொன்ன சொல் ஆயிற்றே. மாட்டச் சொன்னேன். காலை வெயில் அதன் வழியே வந்தபோது அந்தப் பெண் சொன்னது சரி என்று தெரிந்தது. அவளிடமும் சொன்னேன்.

கடைசியாக நான் கொண்டுவந்தது ஒரு மேசை. நான் வேலை செய்த கம்பெனி இடம் மாறியபோது பழைய செக்கிங் மேசைகளை வெளியே போட்டார்கள். ஒன்றை எனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன், கொடுத்தார்கள். நீளமானது, இரும்புக்கால், மேலே வெள்ளை மைக்கா. விளிம்பில் மைக்கா கொஞ்சம் பெயர்ந்திருக்கும். அதை ஜன்னலுக்குக் கீழே போட்டேன். அந்த உயரம் என் இடுப்புக்குப் பழகின உயரம்.

சொன்ன நாளில் மகன் வந்தான். அவனோடு அந்தப் பெண்ணும் வந்தாள், கையில் சாம்பல் நிற அட்டையோடு. மகன் வாசலில் நின்று பார்த்தான். நடுவில் வந்து நின்று சுற்றிப் பார்த்தான். ஊஞ்சல் பலகையை ஆட்டிவிட்டான். சுவரைக் கையால் தடவினான். நான் சோபா அருகில் நின்றேன், உட்காரவில்லை.

"ரெண்டு கமெண்ட் இருக்குதுங்மா" என்றான்.

"சொல்லு கண்ணு."

"முருகர் படத்துக்கு மேல இருக்கற லைட்டு மஞ்சளா இருக்குதுங். சாயங்காலம் போட்டா செவுரு சேறாட்டத் தெரியும். வெள்ளை லைட்டு போடோணும்."

யோசித்துப் பார்த்தேன். சரிதான். "மாத்திக்க" என்றேன்.

"ரெண்டாவது, இந்த மேசை." குரலைத் தாழ்த்தினான். "மேல மாடிக்குக் கொண்டு போயர்லாங்மா. பால் காய்ச்சற அன்னிக்கு ஒரம்பரை சொந்தமெல்லாம் வருவாங்க. கம்பெனி டேபிளாட்ட இருக்குதும்பாங்க."

"டேபிளாட்ட இல்ல கண்ணு. கம்பெனி டேபிளேதான்."

"அதாங்மா சொல்றேன். நீங்க செக்கிங் போனதை ஹால்ல வெச்சுக் காட்டோணுமா?"

"ஆமா" என்றேன்.

அந்த மேசை முன்னால் நின்றுதான் அவனைப் படிக்க வைத்தேன் என்று ஒரு வரி நாக்கு நுனியில் வந்தது. சொல்லவில்லை. அது அவனுக்கே தெரியும். வீட்டுக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்து மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சாம்பல் நிற அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். மகன் மேசையின் பெயர்ந்த விளிம்பை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, லைட்டுக்காரருக்குப் போன் போட வெளியே போனான்.

பால் காய்ச்சிய அன்று வந்த தட்டும் பழமும் தேங்காயும் அந்த மேசை மேல்தான் இருந்தன. வேறு எதிலும் அத்தனை இடம் இல்லை. மருமகளின் பெரியப்பா பொங்கலூரில் தோட்டம் வைத்திருப்பவர், அவரும் வீடு கட்டப்போகிறார். ஹாலுக்குள் இரண்டு தடவை நடந்துவிட்டு மகனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் மாப்பிள்ளை, இது யாருங்க ஐடியா? பச்சைக்கு இந்தத் திரையை எப்பிடிங்க போடத் தோணுச்சு?"

"ஹாலைப் பத்தி என்னைக் கேக்காதீங்க மாமா" என்றான் மகன். "அது அம்மாவுது. அவங்களைக் கேளுங்க."

அவர் என் பக்கம் வந்தார். அவர் வீட்டில் ஜன்னல் எந்தத் திசையில் வைக்கிறார்கள் என்று முதலில் கேட்டேன். மேற்கு என்றார். அப்படியானால் இந்தப் பச்சை அங்கே ஆகாது என்று ஆரம்பித்தேன். பந்தியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கூப்பிட்டார்கள். நாங்கள் போய் உட்காரும்போது சோறு ஆறிப்போயிருந்தது.